கலங்கி வந்த தண்ணீர்

எந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போனாலும் திருமேனியிடம் இரண்டு பதில் தயாராக இருக்கும். இரண்டுமே சரி என்று கேட்டவன் தலையாட்டிவிட்டு எழுந்து போகும்படி பேசுவார். முப்பது வருஷம் கல்லூரியில் தத்துவம் நடத்திய வாய். ஓய்வு பெற்றதும் பேண்ட்டை விட்டு வேட்டிக்கு மாறி, நாவலடி மடத்துக்குச் சீடராக வந்து சேர்ந்தார். மடத்தை நடத்திய வடிவம்மை அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். அதில் திருமேனிக்கு ஒரு வருத்தமும் இல்லை. தனக்கு வருத்தம் இல்லை என்பதை நாலு பேரிடம் சொல்லிக்கொள்வார், அவ்வளவுதான்.

மடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் வாதப் பயிற்சி உண்டு. காலையில் ஒரு தரப்பை எடுத்துப் பேசியவர் மாலையில் அதற்கு எதிர்த்தரப்பை எடுத்துப் பேச வேண்டும். திருமேனிக்கு இது வெல்லம் மாதிரி. ஆறே மாதத்தில் அவரை மடக்க ஆள் இல்லாமல் போயிற்று. எந்தப் பக்கத்தையும் இவ்வளவு அழகாகப் பேசிவிட முடிகிறதென்றால், உண்மை என்று தனியாக ஒன்று எதற்கு என்ற எண்ணமும் அவருக்குள் மெல்ல வந்து உட்கார்ந்துகொண்டது. கெட்டிக்காரர்களுக்கு மட்டுமே வருகிற மடத்தனம் இது.

அந்த மார்கழியில் ஒன்பது நாள் விடாமல் மழை கொட்டியது. ஊர்க் கண்மாய் தளும்பியது. கூடவே ஒரு சண்டையும் மூண்டது.

கண்மாயின் மடையைக் காவல் காக்கிறவர் சங்கிலி. கரையின் அடியில் கசிவு கண்டிருக்கிறது, தண்ணீர் கலங்கி வருகிறது, இன்றைக்கே மடையைத் திறந்து கண்மாயை இறக்க வேண்டும் என்றார் அவர். ஊர்த் தலைமை பார்க்கும் அம்பலம் மருதையா ஒத்துக்கொள்ளவில்லை. கசிவு வருஷா வருஷம் உள்ளதுதான், தண்ணீர் பளிங்கு மாதிரி வருகிறது, மடையைத் திறந்தால் அறுப்புக்குப் பத்து நாள் இருக்கிற நெல் அத்தனையும் தண்ணீரில் படுத்துவிடும் என்றார். கரைக்குக் கீழே நாற்பது வீடு. சங்கிலியின் வீடு அதில் ஒன்று. அம்பலத்தின் வீடு ஊருக்கு அந்தப் பக்கம், கோவில் தெருவில்.

ஊரில் தீராத சண்டைக்கு மடத்துச் சொல் கேட்பது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. மடம் சொன்னால் ஊர் மறுக்காது. அன்று வடிவம்மைக்குக் கடுங்காய்ச்சல். "நீங்க போய் என்னன்னு பாத்துட்டு, ஒரு சொல் சொல்லிட்டு வாங்க" என்று திருமேனியை அனுப்பினார்.

மதியத்துக்கெல்லாம் திருமேனி திரும்பி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"முடிஞ்சுதா?"

"பிரமாதமா முடிஞ்சுதும்மா. சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை."

"என்ன சொன்னீங்க?"

"சங்கிலி கண்டது சங்கிலிக்கு உண்மை. அம்பலம் கண்டது அம்பலத்துக்கு உண்மை. வீட்டைப் பத்தின பயம் உள்ளவர் கண்ணுக்குத் தண்ணி கலங்கலாத் தெரியுது. பயிரைப் பத்தின கவலை உள்ளவர் கண்ணுக்குத் தெளிவாத் தெரியுது. ஒருத்தர் உண்மையை வச்சு இன்னொருத்தர் உண்மையை அடிக்க வேண்டாம்னு சொன்னேன். சபையே கை தட்டுச்சு."

"சங்கிலி தட்டுனாரா?"

திருமேனி கொஞ்சம் தயங்கினார். "அவர் கொஞ்சம் மனசு சங்கடப்பட்டார். கீழே இறங்கி வந்து ஒரே ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்க சாமின்னு கையைப் பிடிச்சு இழுத்தார்."

"இறங்குனீங்களா?"

"ஒரே சேறும்மா. அதுவும் போக, நான் பாத்தா அது என்னோட பார்வை. ரெண்டோட மூணாவதா ஒண்ணு சேருமே தவிர வேற என்ன?"

"மடை?"

"அதை அவங்களே கலந்து பேசிக்கட்டும்னு விட்டுட்டேன்."

"அப்ப மூடித்தான் கிடக்கு."

"ஆமா."

அம்பலம் கேட்டதும் அதைத்தானே! தீர்ப்பு சொல்லாமல் விட்டால் மூடிய மடை மூடியே கிடக்கும். இருவருக்கும் பொதுவாகப் பேசியதாக நினைத்துக்கொண்டு, ஒருவர் கேட்டதை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார் திருமேனி. முப்பது வருஷம் தத்துவம் நடத்தியவருக்கு இது தெரியவில்லை. எட்டாவது படித்த அம்பலத்துக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் அவர் முதலில் கை தட்டினார்.

வடிவம்மை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு சாதாரணமாகத்தான் சொன்னார்.

"உங்க அறை ஒழுகுது. பாயை எடுத்துக்கிட்டுப் போய், மழை விடுற வரைக்கும் சங்கிலி வீட்டுல தங்கிக்கங்க."

திருமேனி பாயைத் தொடவில்லை.

"சங்கிலி வீட்டுலயா?"

"நல்ல மனுசன். சோறு போடுவார்."

"அதுக்கில்லைம்மா. அது கரைக்கு நேர் கீழே இருக்கு."

"இருந்தா என்ன?"

"இல்ல, ஒருவேளை கரை..."

"கரைக்கு என்ன?"

திருமேனி பாயையும் வாசலில் கொட்டும் மழையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்பலத்தோட உண்மைப்படி கரை கல்லு மாதிரி இருக்கு. அதையே வச்சுக்கிட்டுப் படுங்க."

"உடைஞ்சுட்டா என்னம்மா பண்றது?"

வடிவம்மை போர்வையை உதறிவிட்டு எழுந்தார். அவருக்கு இப்படிக் கோபம் வந்து திருமேனி பார்த்ததே இல்லை.

"அப்பத் தெரிஞ்சிருக்கு! உங்க உடம்பு அங்க படுக்கணும்னா மட்டும் கரை ஒண்ணுதான், உண்மை ஒண்ணுதான். நாப்பது வீட்டுல பிள்ளைகுட்டியோட படுக்கிறவங்களுக்கு ஆளுக்கொரு உண்மையா? ரெண்டு பக்கமும் பேசிப் பழகுங்கன்னு எதுக்குச் சொன்னேன்? எது நிக்காதுன்னு கண்டுபிடிக்க. நீங்க ரெண்டையும் நிக்க வச்சுக் கைதட்டல் வாங்கிட்டு வந்திருக்கீங்க. பாத்துட்டு வாங்கன்னு சொன்னேனே, பாத்தீங்களா?"

"அம்மா, காய்ச்சலோட நீங்க..."

"சொம்பை எடுங்க."

மழையோடு மழையாக இருவரும் போனார்கள். கரை மேலே ஐயனார் கோவில் கொட்டகையில் சபை இன்னும் கலையவில்லை. அம்பலம் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கீழே சங்கிலி ஒற்றை ஆளாக மண் மூட்டைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வடிவம்மை யாரையும் பார்க்காமல் நேரே சரிவில் இறங்கினார். திருமேனி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் வழுக்கி வழுக்கி இறங்கினார். இரண்டு இடத்தில் விழுந்தார்.

கரையின் அடியில் கட்டைவிரல் பருமனுக்குத் தண்ணீர் கொப்பளித்து வந்துகொண்டிருந்தது.

"காலையில சுண்டுவிரல் அளவுதான் ஆத்தா இருந்துச்சு" என்றார் சங்கிலி. மூச்சு வாங்கியது. "தெளிஞ்சு வந்தா பயமில்லை. எல்லாக் கரையும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கலங்கி வந்தா உள்ளுக்குள்ள மண்ணை அரிச்சுக்கிட்டு வருதுன்னு அர்த்தம். காலையிலயும் இதைத்தான் சொன்னேன். யார் கேட்டா?"

திருமேனி சொம்பைக் கசிவின் வாயில் பிடித்தார். நிறைந்ததும் கொஞ்சம் பொறுத்து, தண்ணீரை மெல்லச் சரித்துக் கொட்டினார். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் செம்மண் தங்கியிருந்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். பயந்தவன் பார்த்தாலும் பயப்படாதவன் பார்த்தாலும் அது செம்மண்தான்.

"மேலே போய்ச் சொல்லுங்க" என்றார் வடிவம்மை. "காலையில சொன்னதும் நீங்கதானே."

திருமேனி ஏறினார். அந்தச் சரிவு அவ்வளவு நீளம் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

"என்ன சாமி, இப்படிச் சேத்துல புரண்டு வந்திருக்கீங்க?" என்று அம்பலம் சிரித்தார்.

"தண்ணி கலங்கி வருது. மடையைத் திறங்க."

"காலையில வேற மாதிரியில்ல பேசுனீங்க? என் கண்ணு கண்டது எனக்கு உண்மைன்னு?"

சபை பார்த்துக்கொண்டிருந்தது. கை தட்டிய அதே சபை. திருமேனி சொம்பை நீட்டினார்.

"காலையில நான் பாக்கலை."

"பாக்காமலா அம்புட்டு நேரம் பேசுனீங்க?"

"பாக்காமத்தான் பேசுனேன். தப்பு, பெரிய தப்பு. நீங்க சொன்னதும் தப்பு. வாங்க, இறங்கி வந்து பாருங்க."

அம்பலம் எழுந்திருக்கவில்லை. நெல் போட்டிருந்த இரண்டு பேர் சொம்பை வாங்கி உள்ளே பார்த்தார்கள். கீழே இறங்கினார்கள். திரும்பி ஏறி வந்தவர்கள் அம்பலத்திடம் ஒரு வார்த்தை பேசாமல் மடையைப் பார்த்து நடந்தார்கள். மடை திறந்தது. திறந்தவர்களின் நெல்லும் மற்றவர்களின் நெல்லோடு சேர்ந்து தண்ணீரில் படுத்தது. கரைக்குக் கீழே இருந்த நாற்பது வீட்டு ஜனமும் ஆடு மாடுகளோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நாலு மணி வாக்கில், கசிவு இருந்த இடத்தில் மாட்டுவண்டி அகலத்துக்குக் கரை சரிந்தது. கண்மாய் கொஞ்சமாவது இறங்கியிருந்ததால் முழுக்க உடையவில்லை. சரிந்த மண் சங்கிலி வீட்டின் பின்சுவரைத் தள்ளிவிட்டு அதோடு நின்றது. வீட்டுக்குள் யாரும் இல்லை.

மடத்துக்குத் திரும்பும் வழியில் திருமேனியால் சும்மா வர முடியவில்லை. முப்பது வருஷத்துப் பழக்கம் அப்படிச் சட்டென்று விடுமா?

"அம்மா, நான் அம்பலத்துக்காகப் பேசலை. யார் பக்கமும் சேராம நடுவுல நிக்கணும்னுதான் நெனச்சேன்."

வடிவம்மை நின்று திரும்பினார். காய்ச்சலில் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. கோபம் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

"நீங்க எங்கய்யா நடுவுல நின்னீங்க? கரை மேலதானே நின்னீங்க."