ஐந்து கட்டையில் பாடப் போனவர்கள்

மந்திகுளம் சேர்ந்திசைக் குழுவில் ஐந்து பேர். ஐந்து பேரும் நல்லவர்கள். அதற்கு மேல் அவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

ஒரு கோயில் கொடை விழாவில், எந்தப் பாட்டு என்று யாரும் சொல்லாததால், ஆளுக்கொரு பாட்டை ஒரே நேரத்தில் பாடிவிட்டார்கள். அதை யாரோ செல்போனில் பிடித்து உலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சுவிட்சர்லாந்தில், ஏரிக்கரை நகரம் ஒன்றில், ஹெல்கா என்கிற இசையமைப்பாளர் அம்மையார் அதைக் கேட்டு அழுதேவிட்டார். தான் ஏழு வருஷமாக எழுதிய நவீன இசைக்கோவையைப் பாட இவர்களை விட்டால் பூமியில் ஆளில்லை என்றார். பெரிய படிப்புப் படித்தவர். யாரும் மறுத்துப் பேசவில்லை.

அங்கே குடியிருந்த யாழ்ப்பாணத்துக்காரர் தவபாலன் அம்மையார் சார்பில் தமிழில் கடிதம் எழுதினார்: “ஐந்து கட்டையில் பாட வேண்டும். அதற்குத் தயாராக வாருங்கள்.”

கட்டை என்றால் சுருதி என்பது நம்மவர்களுக்குத் தெரியும். இருபது வருஷம் பாடியவர்கள் அல்லவா? சுருதியை எந்த மரத்தில் வெட்டுவது என்பதில்தான் குழப்பம். குழுத் தலைவர் வேதமாணிக்கம் கூட்டம் போட்டார்.

“மரத்தோட பேரை எழுதாம விட்டுட்டாங்களே” என்றார்.

“தேக்குன்னா மரியாதையா இருக்கும் அண்ணாச்சி” என்றான் சங்கிலி.

“ஏலே, இது நவீன இசை. தேக்கு பழைய மரம். நம்ம பக்கம் கடைசியா வந்த மரம் வேலிக்கருவைதான்” என்றார் கோயில்பிள்ளை.

இவ்வளவு அறிவை ஒரே மூச்சில் கேட்ட மற்றவர்கள் உடனே அரிவாளைத் தேடிப் போனார்கள்.

தோளில் ஆளுக்கொரு வேலிக்கருவைக் கட்டையோடு விமான நிலையம் போய்ச் சேர்ந்தார்கள். அதிகாரி மறித்தார்.

“இது என்னது?”

“சுருதிங்கய்யா.”

“இதையெல்லாம் ஏத்த முடியாது.”

வேதமாணிக்கம் கையெடுத்துக் கும்பிட்டார். “ஐயா, ஊரே போஸ்டர் ஒட்டி அனுப்பியிருக்கு. அஞ்சு வேண்டாம், நாலரையாவது விடுங்க. கொஞ்சம் இறக்கிப் பாடிக்கிடுதோம்.”

அதிகாரி அரைக் கட்டை கூட விடவில்லை. சுருதியே இல்லாமல் விமானம் ஏறினார்கள்.

ஒத்திகையில் ஹெல்கா அம்மையார் ஏதோ சொல்ல, தவபாலன் மொழிபெயர்த்தார்: “ஒருத்தரும் தாளையே பார்த்துக்கொண்டு நிக்க வேண்டாமாம். தன்ரை கையைப் பார்த்துப் பாடட்டாம்.”

ஐவரும் மேடையை விட்டு இறங்கி வந்து, அம்மையாரின் வலது கையைப் பிடித்து விளக்கடியில் விரித்தார்கள்.

“ஆயுசு கெட்டி” என்றார் கோயில்பிள்ளை. “கல்யாணம் மட்டும் மூணு தெரியுது.”

தவபாலன் செய்யும் தொழிலில் நேர்மையானவர். அதையும் மொழிபெயர்த்தார். அம்மையாரின் இரண்டாவது கணவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிறு பிற்பகல் அரங்கேற்றம். நானூறு பேர் வந்திருந்தார்கள். இது சரிந்தால் ஏழு வருஷமும் சரிந்தது என்று தவபாலனிடம் சொல்லிவிட்டு அம்மையார் மேடை ஏறினார். பாட்டு நன்றாகவே தொடங்கியது; அதாவது ஆளுக்கொரு திசையில் போயிற்று. எட்டாம் பக்கத்தில் தவபாலன் எழுதிக் கொடுத்த குறிப்பு வந்தது: “இங்கே ஒவ்வொருவராக மெல்ல மறையவும்.”

சங்கிலி மெல்ல நடந்து திரைக்குப் பின்னால் மறைந்தான். அடுத்த இருவர் பியானோவுக்கு அடியில் தவழ்ந்து போனார்கள். கோயில்பிள்ளை பூந்தொட்டிக்குப் பின்னால் குந்தினார். வேதமாணிக்கம் பருத்த ஆள். வேறு இடம் அகப்படாமல் அம்மையாரின் முதுகுக்குப் பின்னாலேயே ஒண்டிக்கொண்டார். சபையில் ஒருவர் உணர்ச்சிவசப்பட்டுக் கண்ணைத் துடைத்தார்.

அடுத்த குறிப்பு: “மீண்டும் முதலிலிருந்து.”

ஐவரும் திரைக்குப் பின்னால் கூடினார்கள்.

“முதல்னா எது? மேடை ஏறின இடமா?” என்றான் சங்கிலி.

“அதுக்கு முன்னாடி விமானம் ஏறினோமே” என்றார் கோயில்பிள்ளை.

“அதுக்கும் முன்னாடி மந்திகுளம் பஸ் ஸ்டாண்டு” என்றார் பியானோவுக்கு அடியில் கிடந்தவர்களில் ஒருவர்.

“அதுக்கும் முன்னாடி அம்மா வயித்துல இருந்தோம்” என்றார் மற்றவர்.

“அங்கெல்லாம் இப்ப விசா கிடைக்காதுலே” என்றார் வேதமாணிக்கம். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. “பாவம், அந்தம்மா ஏழு வருஷமா எழுதினது. நாம சோம்பல்பட்டு நடுவுலேருந்து தொடங்கலாமா? பஸ் ஸ்டாண்டுதான்.”

திரும்பும் டிக்கெட் கையில் இருந்தது. பின்வாசல் வழியாகக் கிளம்பி, இரண்டு விமானம், ஒரு ரயில் மாறி, மந்திகுளம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார்கள். முன்பு நின்ற அதே வரிசையில் நின்றார்கள். பிறகு மறுபடி விசாவுக்கு மனுப் போட்டார்கள். ஆறு வாரம் ஆகும் என்று பதில் வந்தது.

அரங்கத்தில், நுழைவுச் சீட்டின் பின்பக்கம், “இசை முழுவதும் முடியும்வரை எழுந்திருக்கவோ கைதட்டவோ கூடாது” என்று அச்சடித்திருந்தது. வந்தவர்கள் எல்லாம் படித்த ஜனம். நானூறு பேரும் உட்கார்ந்தே இருந்தார்கள்.

நான்காம் நாள் காலையில் ஒரு பத்திரிகை விமர்சகர் பக்கத்தில் இருந்தவர் காதில், “மௌனப் பகுதி பிரமாதம், ஆனால் கொஞ்சம் அவசரமாகப் போகிறது” என்று கிசுகிசுத்தார்.

பாட்டு நடக்கும்போது என்ன பேச்சு என்று முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரும் திரும்பி, “உஸ்ஸ்!” என்றார்கள்.