சாய்ஞ்ச எழுத்து மினிபஸ்

கோணம்பட்டிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறையவே இருக்கிறது. தேய்ந்துவிடக் கூடாதே என்று எடுத்துப் புழங்குவதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர்ச் சடையாண்டி ஒரு மினிபஸ் வாங்கினான். டவுனில் இருந்த அவன் மாமனார் பலவேசம், கல்யாணமானதிலிருந்து ஒரு தடவைகூட அவனை "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டதில்லை. "அவன் வண்டி டவுன் வரைக்கும் ஓடி வரட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார். பாவம், சடையாண்டிக்குச் சோறு இறங்கவில்லை.

பஸ்ஸில் பேர் எழுத டவுன் பெயின்டர் அந்தோணிமுத்து வந்தார்.

"சாய்ஞ்ச எழுத்தா போடுதேன். அடியில கட்டை கட்டையா பாதம் வச்சிருவேன். சாய்வு வேகத்துக்கு, பாதம் பலத்துக்கு. நிக்கிற வண்டியே ஓடும் பாருங்க!"

சொன்னபடி இரண்டு பக்கமும் 'சடையாண்டி சர்வீஸ்' என்று சிவப்பில் ஜம்மென்று எழுதிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் சடையாண்டி ஓடிப்போய்ச் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தான். நிற்கிற வண்டியே ஓடும் என்று சொல்லிவிட்டாரே!

மறுநாள் காலையில் மாலை போட்டு, தேங்காய் உடைத்தாயிற்று. அப்போதுதான் கூட்டாளி கொம்பையா வண்டியைச் சுற்றி வந்து நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"ஏலே, கெட்டுது குடி! டிரைவர் பக்கத்து எழுத்து முன்னால சாய்ஞ்சு ஓடுது. படிக்கட்டுப் பக்கத்து எழுத்து பின்னால சாய்ஞ்சு ஓடுது!"

"ஓடினா என்ன?" என்றான் கண்டக்டர் எசக்கி.

"ஒரு பக்கம் முன்னால இழுக்கும், ஒரு பக்கம் பின்னால இழுக்கும். வண்டி செக்கு மாதிரி நின்ன இடத்துலயே சுத்தும்லா!"

சடையாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது. "படிக்கட்டுப் பக்கத்தைச் சேலையால மூடிருவோமா?"

"கண்ணைக் கட்டினா எழுத்துக்கு எப்படிலே வழி தெரியும்?"

எல்லோரும் மோவாயைத் தடவினார்கள். கடைசியில் எசக்கிதான் தொடையைத் தட்டினான்.

"பெயின்டர் அண்ணாச்சி விவரமாத்தான் எழுதியிருக்காரு! இந்தப் பக்கம் போறதுக்கு. அந்தப் பக்கம் வாறதுக்கு!"

அப்பாடா என்று வண்டியைக் கிளப்பினார்கள். வண்டி ஒழுங்காக டவுன் போய்ச் சேர்ந்தது. பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த பலவேசம் மகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஏறினார். அதற்குள் கூட்டம் நிறைந்துவிட்டது. கிடைத்தது கடைசி சீட்டுதான். "மாமனாருக்குக் கடைசி சீட்டாக்கும்!" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சடையாண்டி வாறதுக்கான எழுத்தை மனசில் கும்பிட்டுக்கொண்டு ரிவர்ஸ் கியர் போட்டான். டவுனிலிருந்து கோணம்பட்டி வரைக்கும் வண்டி பின்பக்கமாகவே வந்தது. எதிரே வந்த லாரிக்காரர்கள் எல்லாம் வயலுக்குள் இறங்கி வழி விட்டார்கள்.

ஊரில் இறங்கிய பலவேசம் நேராகப் போய்ச் சடையாண்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"மாப்பிள்ளைன்னா நீருதான்யா மாப்பிள்ளை! மாமனாரு கடைசி சீட்டுல வரக் கூடாதுன்னு, வண்டியையே திருப்பிப் போட்டு என்னை முதல் ஆளா கொண்டு வந்து சேத்துட்டீரே!"