குமுதவல்லிக்கு யார் சொன்னது?

நிதானமாகப் படியுங்கள். விடைக்கு வேண்டியதெல்லாம் கதைக்குள்ளேயே இருக்கிறது.

திண்டுக்கல்லில் ஒரு வாடகை வீட்டில் இந்திராணியும் எஸ்தரும் முப்பத்துநான்கு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார்கள். இந்திராணி தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். எஸ்தர் அரசு மருத்துவமனையில் நர்ஸ். இருவரும் கல்யாணமே செய்துகொள்ளாதவர்கள் என்று தெரு நினைத்தது. உண்மையில் ஒருவரையொருவர் செய்துகொண்டவர்கள். சாட்சிக்குத்தான் ஆள் இல்லை.

அவர்கள் படுத்தது ஒரே கட்டிலில். சுவரோரம் இந்திராணி, வெளிப்பக்கம் எஸ்தர். இந்திராணிக்குக் காற்று ஆகாது, உடனே சளி பிடிக்கும். அதனால் மின்விசிறி இரண்டாம் எண்ணைத் தாண்டியதில்லை. வந்துபோகிறவர்கள் பார்ப்பதற்கென்றே அடுத்த அறையில் இன்னொரு கட்டில் கிடந்தது. குடிபோன அன்றைக்கே இருவரும் ஒரு சத்தியம் செய்திருந்தார்கள்: "நாம யாருன்னு மூணாவது ஆளுகிட்ட நீயும் சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன்."

எழுபது தாண்டி, முழங்கால்கள் மாடிப்படி ஏற மறுத்ததும், ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தார்கள். "ரெண்டு பேருக்கும் ஒரே ரூம் போட்டுரவாம்மா?" என்று கேட்டார் வார்டன் லூர்துமேரி. வீடு பார்க்கப் போன இடத்திலெல்லாம் 'ஆளுக்கொரு அறை வேணும்' என்று சொல்லியே பழகியிருந்த இந்திராணியின் வாய், மனதைக் கேட்காமல் பதில் சொல்லிவிட்டது.

"வேண்டாம்மா, தனித்தனியாவே குடுங்க."

கொடுத்துவிட்டார்கள். காது கேளாத ஓர் அம்மாளோடு பதினோராம் அறை இந்திராணிக்கு. நாலாம் அறையில் குமுதவல்லி என்ற விதவையோடு எஸ்தர்.

அன்று பற்றியது இந்திராணியின் வயிற்றில் நெருப்பு. எஸ்தருக்குக் கண் மருந்து விடுவது குமுதவல்லி. ஊசியில் நூல் கோத்துத் தருவது குமுதவல்லி. தோசையின் முறுகலான ஓரத்தைப் பிய்த்து எஸ்தர் தட்டில் வைப்பதும் குமுதவல்லிதான். அதற்கு எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பு உலகத்தில் தன் ஒருத்திக்குத்தான் என்று இந்திராணி நம்பியிருந்தார்.

"அவகூட அப்படி என்ன குசுகுசுப்பு?"

"சீரியல் கதைடி."

"சீரியலுக்கா இந்தச் சிரிப்பு?"

ஒருநாள் காலைச் சிற்றுண்டியின்போது குமுதவல்லி கூடத்துக்கே கேட்கும்படி அங்கலாய்த்தார். "என் ரூம்காரி அரைக் கட்டில்லதான் படுப்பா. காலைல பாத்தா சுவரோரம் விரிச்ச விரிப்பு விரிச்சபடி கெடக்கு. யாருக்கு வாடகைக்கு விட்டிருக்காளோ! ஃபேனை ரெண்டுக்கு மேல வைக்க விடமாட்டா. அப்புறம் வேர்த்து ஊத்துதுன்னு பேப்பரால விசிறிக்குவா. கேட்டா, சளி பிடிக்குமாம். யாருக்குச் சளி? இவளுக்கு ஒரு தும்மல்கூட வந்து நான் பாத்ததில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். மின்விசிறிக் காற்றுக்குப் பயந்து காதைச் சுற்றித் துண்டு கட்டி உட்கார்ந்திருந்த இந்திராணிக்கு 'என் ரூம்காரி' என்ற இரண்டு சொற்கள் மட்டுமே கேட்டன. பாதி இட்லியோடு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

மூன்றாம் மாதம் ஒரு பிற்பகலில், கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்த இந்திராணியிடம் குமுதவல்லி வந்தார்.

"அக்கா, உங்க பெட்டியைத் தூக்கிட்டு என் ரூமுக்கு வந்துருங்க. நான் உங்க ரூமுக்குப் போயிடுறேன். புருஷன் பொண்டாட்டியைப் பிரிச்சு வச்ச பாவம் எனக்கெதுக்கு?"

மூன்று மாதமாக ஏங்கியது தானே தேடி வந்து எதிரில் நின்றது. இந்திராணி அதைக் கவனிக்கவே இல்லை. எஸ்தர் சொல்லிவிட்டாள், அதுவும் இவளிடம் போய்ச் சொல்லிவிட்டாள் என்பது ஒன்றே அவர் தலைக்குள் இடித்தது. துணியைக் கீழே போட்டுவிட்டுக் கூடத்துக்குள் நுழைந்தார். அங்கே எஸ்தரைச் சுற்றி, வார்டனோடு சேர்த்துப் பதினான்கு பேர் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவகிட்டப் போய்ச் சொல்லிட்டியா எஸ்தரு? முப்பத்துநாலு வருஷம் உன்கூடக் குடும்பம் நடத்தினவ நான்! நேத்து வந்தவளுக்காகச் சத்தியத்தை விட்டுட்டியே!"

மொச்சை உரித்த கைகளெல்லாம் நின்றன. எஸ்தரின் முகம் வெளுத்துவிட்டது.

"நான் ஒரு வார்த்தை சொல்லலடி."

"எனக்கு யாருமே சொல்லலக்கா" என்றார், மூச்சிரைக்கப் பின்னால் ஓடிவந்த குமுதவல்லி.

இருவர் சொன்னதும் உண்மை. அப்படியானால் குமுதவல்லிக்கு விஷயம் எப்படித் தெரிந்தது? சத்தியத்தை மீறியவர்தான் யார்?

விடை: எஸ்தர் வாய் திறக்கவே இல்லை. ஆனால் தினமும் பக்கத்தில் ஒருத்திக்கு இடம் விட்டே படுத்தார்; அங்கே இல்லாத ஒருத்திக்குச் சளி பிடிக்கக் கூடாதென்று தான் வேர்த்துக் கிடந்தார். காலையில் அந்த விரிப்பையும், கூடத்தில் இந்திராணியின் காதைச் சுற்றிய துண்டையும் பார்த்தவருக்கு, வேறு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. வாயிடம் சத்தியம் வாங்கலாம், தூக்கத்திடம் வாங்க முடியாது. சத்தியத்தை மீறியவர் இந்திராணிதான். அதுவும் பதினான்கு பேர் முன்னால். அத்தனை கண்களும் வார்டன் பக்கம் திரும்பின. லூர்துமேரி மடியிலிருந்த மொச்சைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தார். "குடும்பச் சண்டையை ஹால்ல வச்சுப் போடக் கூடாதும்மா. நாலாம் ரூமுக்குப் போயி, கதவைச் சாத்திட்டுப் போடுங்க. குமுதாம்மா, நீங்க உங்க பெட்டியை எடுங்க."