படத்தில் ஆள் இல்லை

காத்தாயி அந்தப் பெட்டியை மேசைமேல் வைத்த வேகத்தில் மூடி தனியாகத் தெறித்து விழுந்தது.

"இதுக்குள்ள உங்க நம்பர் இருக்குன்னு வாசிச்சுச் சொன்னாங்க. நீங்கதான் இவனுங்களுக்கெல்லாம் வாத்தியாரா?"

"ஆமாம்மா. உட்காருங்க" என்றார் அழகுநாச்சி டீச்சர்.

"உட்கார வரல."

நான் ஓர் ஓரமாக நின்றிருந்தேன். டீச்சரிடம் ஜிபிஎஸ் கருவி ஒன்றை இரவல் வாங்க வந்தவன். அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போகாமல் இருந்திருக்கலாம் என்று இன்னமும் நினைக்கிறேன்.

எங்கள் விளையாட்டு இதுதான். ஒருவர் சின்னப் பெட்டி ஒன்றை எங்காவது ஒளித்துவைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையதளத்தில் அறிவிப்பார். மற்றவர்கள் செயற்கைக்கோள் படத்தில் இடத்தைப் பார்த்துவிட்டு, கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு தேடிப் போவார்கள். பெட்டிக்குள் ஒரு நோட்டு இருக்கும். அதில் பெயரை எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு கிடையாது. நோட்டில் முதல் பெயர் யாருடையது என்பதில்தான் எங்கள் பெருமை முழுவதும். அதற்காக விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஓடுவோம்.

புதுக்கோட்டையில் எங்கள் பன்னிரண்டு பேருக்கும் இதைக் கற்றுக்கொடுத்தவர் அழகுநாச்சி டீச்சர். பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிறவர். வயது முப்பத்தாறு. அவருடைய சீடர்களில் மூத்தவர் தட்சிணாமூர்த்தி சார். டெலிபோன் இலாகாவில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தொன்று. காத்தாயி கொண்டுவந்த பெட்டி அவர் வைத்தது. எங்கள் பெட்டிகள் எல்லாவற்றிலும் தொடர்புக்கு டீச்சரின் நம்பர்தான் எழுதியிருக்கும்.

"எங்க காலனிக்கு மேற்கால கருவக்காடு. பொம்பளைங்க நாங்க விடியக் கருக்கல்ல ஒதுங்குற எடம் அது ஒண்ணுதான்" என்றார் காத்தாயி. "கட்டிக் குடுத்த கக்கூசுல தண்ணி கெடையாது. வெறகு அடுக்கி வச்சிருக்கோம். நாப்பது நாளா தலையில லைட்டக் கட்டிக்கிட்டு ஆம்பளைங்க வர்றானுங்க. கையில ஒரு மிஷினு. முள்ள வெலக்கி வெலக்கிப் பாக்குறானுங்க. ரெண்டு தடவ பெட்டியத் தூக்கிக் கெணத்துல போட்டேன். திரும்பத் திரும்ப வைக்கிறானுங்க. இது மூணாவது."

டீச்சர் தெறித்து விழுந்த மூடியைக் குனிந்து எடுத்தார்.

"எம் மருமவ மலருக்கு எட்டு மாசம். அடிக்கடி ஒதுங்க வேண்டிய ஒடம்பு. பயந்துக்கிட்டு தண்ணியே குடிக்கிறதில்ல. நாக்கு காஞ்சி வெள்ளையாக் கெடக்கு. நர்சம்மா திட்டுது, தண்ணி குடி தண்ணி குடின்னு. குடிச்சிட்டு எங்க போறது? நீங்க சொல்லுங்க."

காத்தாயி போன பிறகு டீச்சர் நோட்டைப் பிரித்தார். முதல் பெயர் என்னுடையது. கிணற்றில் விழுந்த பெட்டியிலிருந்து சார் நோட்டை மட்டும் மீட்டு, காயவைத்து, மறுபடியும் அதையே வைத்திருந்தார். என் பெயருக்குப் பக்கத்தில் என் கையெழுத்தில் இருந்தது: 'அருமையான இடம். பன்றி நடமாட்டம் உண்டு, கவனம்.'

பெட்டியைத் தேடிப் போன அந்த விடிகாலையில் முள்ளுக்குள்ளிருந்து யாரோ எழுந்து ஓடிய சத்தத்தைக் கேட்டுத்தான் அப்படி எழுதினேன்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பத்து மணிக்கு தட்சிணாமூர்த்தி சார் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"மூணாவது தடவைம்மா! மறுபடியும் பெட்டியக் காணோம். எவனோ வேணும்னே பண்றான். இந்தத் தடவ இரும்புச் சங்கிலி போட்டுப் பூட்டப் போறேன். போலீஸ்லயும் எழுதிக் குடுக்கப் போறேன்."

"எங்க வச்சீங்க சார்?"

சார் தன் டேப்லெட்டை எடுத்துச் செயற்கைக்கோள் படத்தைக் காட்டினார். "பாருங்க. வீடு இல்ல, வயல் இல்ல, ரோடு இல்ல. நாலு நாள் ஒக்காந்து தேடிக் கண்டுபிடிச்ச எடம். இந்த மாவட்டத்துலயே இவ்வளவு காலியான எடம் கெடையாது."

"நேர்ல போய்ப் பாத்தீங்களா?"

"பெட்டி வைக்கப் போனேனே. உச்சி வெயில்ல, பன்னெண்டு மணிக்கு. ஒரு ஈ காக்கா இல்ல."

டீச்சர் படத்தைக் கிழக்கே காலனிப் பக்கம் நகர்த்திப் பெரிதாக்கினார். இருபத்து மூன்று கூரைகள். ஒவ்வொரு கூரையின் பின்னாலிருந்தும் வெள்ளையாக ஒரு மெல்லிய கோடு கிளம்பி, மேற்கே புதருக்குள் போய் மறைந்தது.

"இது என்ன?"

"ஆட்டுத் தடமா இருக்கும்."

"ஆடு உள்ள போனா மறுபக்கம் வெளிய வராதா? இதுல ஒரு கோடுகூட மறுபக்கம் வரல."

சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

டீச்சர் காத்தாயி வந்ததைச் சொன்னார். மலரைப் பற்றிச் சொன்னார். அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து முன்னால் வைத்தார். "தளத்துலேருந்து அறிவிப்ப எடுத்துடுங்க சார். நம்ம ஆளுங்கள நான் நிறுத்திடுவேன். திருச்சி, மதுரைக்காரங்கள யாரு நிறுத்துறது? வச்சவர்தான் எடுக்க முடியும். இன்னைக்கே எடுங்க."

இந்த இடத்தில் சார் தலைகுனிந்திருந்தால் கதை முடிந்திருக்கும். சார் பெட்டியைக் கையில் எடுத்து அடிபட்ட மூடியைத் தடவினார்.

"அது புறம்போக்கும்மா. பொது எடம். அவங்களுக்குன்னு எழுதி வச்சிருக்கா? நம்ம ஆளுங்க அஞ்சு நிமிஷம் நிப்பாங்க, பேர எழுதிட்டு வந்துடுவாங்க. யாரும் யாரையும் பாக்கப் போகல. அந்த நேரத்துக்கு அவங்க கொஞ்சம் தள்ளிப் போகட்டுமே. ஆளே இல்லாத எடத்துல பெட்டி வச்சா யாருக்கு என்ன கஷ்டம்? நீங்களே சொல்லுங்க."

மெத்தப் படித்த மனிதர். மனைவிக்கு மூட்டுவலி என்று வீட்டுக்குள்ளேயே இரண்டு கழிப்பறை கட்டியவர். பாவி மனிதர், அவர் வாயிலிருந்தா இது வருகிறது என்று நினைத்தேன். ஆனால் நோட்டில் முதல் பெயர் என்னுடையதாக இருக்கும்போது நான் எந்த வாயால் பேசுவது?

டீச்சர் குரலை உயர்த்தவில்லை.

"நாளைக்குச் சொல்றேன் சார்" என்றார்.

திங்கட்கிழமை காலை ஐந்தேகாலுக்குத் தளத்தில் புதிய அறிவிப்பு வந்தது. வைத்தவர்: அழகுநாச்சி. பெட்டியின் பெயர்: 'ஆளே இல்லாத இடம்.'

டீச்சர் கடைசியாகப் பெட்டி வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எண்களைக் கருவியில் ஏற்றிக்கொண்டு ஓடினேன். அது யார் வீட்டுப் பக்கம் என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை. முதல் நாள் தரையைப் பார்த்து நின்றவன்தான் நான். ஒரு ராத்திரி தூங்கி எழுந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. வெட்கங்கெட்ட பைத்தியம் இது.

கருவி ஒரு சந்துக்குள் கொண்டுபோய் விட்டது. எனக்கு முன்பே நான்கு பேர் நின்றிருந்தார்கள். அதில் ஒருவர் வேலையாகத் திருச்சியிலிருந்து வந்து லாட்ஜில் தங்கியிருந்தவர். எல்லார் நெற்றியிலும் விளக்கு. எங்கள் முன்னால் இடுப்பு உயரத்துக்கு இடிந்த ஒரு கொல்லைச் சுவர்.

சுவருக்கு அந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில், இடுப்பில் ஒரு துண்டோடு, தலை முழுக்கச் சோப்பு நுரையோடு, தட்சிணாமூர்த்தி சார் உட்கார்ந்திருந்தார். விடிகாலையில் கொல்லையில் குளிப்பது அவருடைய நாற்பது வருடப் பழக்கம்.

ஐந்து விளக்குகளும் அவர்மேல் விழுந்தன.

"யாரு? யாரது? என்னய்யா வேணும்?" நுரைக்குள் கண்ணைத் திறக்க முடியாமல் கத்தினார்.

அவரைத் தெரியாத திருச்சிக்காரர் கருவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மன்னிச்சுக்கங்க சார். ரெண்டு மீட்டர்னு காட்டுது. அப்படியே கொஞ்சம் தள்ளிக்கிட்டீங்கன்னா செவுத்தப் பாத்துட்டுப் போயிடுவோம். அஞ்சே நிமிஷம்."

"தள்ளிக்கிறதா? என் வீட்டுக் கொல்லையில நான் தள்ளிக்கிறதா?"

"நாங்க உங்களப் பாக்க வரல சார்" என்றார் இன்னொருவர், மிகுந்த மரியாதையோடு.

சார் எழுந்தார். துண்டு வழுக்கியது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, நுரை வழிய, அந்த அறுபத்தொரு வயது மனிதர் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு ஒளிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அந்த முள்ளுக்குள் ஓடிய காலடிச் சத்தம் ஞாபகம் வந்தது. விளக்கை அணைத்துவிட்டேன்.

பெட்டி, சுவரின் வெளிப்பக்கம் ஒரு பொந்தில் இருந்தது.

ஆறு மணிக்கு சார் டீச்சர் வீட்டு வாசலில் நின்றார். மாற்றிக்கட்டிய வேட்டியும் ஈரம். காது மடலில் நுரை காய்ந்திருந்தது. நான் பின்னாலேயே போயிருந்தேன்.

"இது நியாயமாம்மா? நீங்க செஞ்சது நியாயமா? உங்கள குருன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே!"

"உட்காருங்க சார்."

"உட்கார வரல!"

முதல் நாள் காத்தாயி சொன்ன அதே வார்த்தை. சாருக்கு அது தெரியாது.

"என் வீட்டுக் கொல்லையில பெட்டி வைக்க உங்களுக்கு யாரு உரிமை குடுத்தா?"

"கொல்லையில வைக்கல. செவுத்துக்கு வெளிய, சந்துல. அது பொது எடம்."

"நான் குளிச்சிக்கிட்டிருக்கேன்! அஞ்சு பேரு லைட்டப் போட்டுக்கிட்டு நிக்கிறானுங்க!"

"அஞ்சு நிமிஷந்தான நின்னாங்க?"

"அஞ்சு நிமிஷமா? எனக்குக் கை காலெல்லாம் ஒதறுது. நாளைக்கு நான் எப்படி அங்க போய்க் குளிப்பேன்? எப்ப எவன் எட்டிப் பாப்பான்னு தெரியாம..."

சார் நிறுத்தினார். டீச்சர் தன் டேப்லெட்டை அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தார். செயற்கைக்கோள் படத்தில் சாருடைய வீடு. கொல்லை, தொட்டி, துவைக்கும் கல், தென்னை மரத்தின் நிழல். எல்லாம் தெளிவாக இருந்தது.

"நல்லாத் தேடிப் பாத்துதான் வச்சேன்" என்றார் டீச்சர். "இதுல நீங்க எங்க இருக்கீங்க? காட்டுங்க."

"நான் இல்லாத நேரத்துல எடுத்த படம்மா அது!" என்று சார் கத்தினார்.

கத்திய பிறகு அந்த வார்த்தை அவருக்கே கேட்டது. வாசல்படியில் மெல்ல உட்கார்ந்தார்.

"நாப்பது நாளு" என்றார் டீச்சர். இப்போதுதான் அவர் குரல் உயர்ந்தது. "உங்களுக்கு ஒரு காலை சார். ஒளிய ஒரு கல்லு இருந்துச்சு. உள்ள ஓட ஒரு வீடு இருந்துச்சு. அவங்களுக்கு என்ன இருந்துச்சு? தள்ளிப் போகட்டும்னு சொன்னீங்களே, எங்க தள்ளிப் போகச் சொன்னீங்க?"

சார் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தார். இரண்டு முறை தவறாக அழுத்தினார். மூன்றாவது முறை அறிவிப்பு நீங்கியது. டீச்சரும் தன்னுடையதை நீக்கினார்.

"போய் அவங்க கையப் புடிச்சு மன்னிப்புக் கேட்டுட்டு வர்றேன்" என்றார் சார்.

"கேட்டா மலரு தண்ணி குடிச்சிடுமா?"

"அறிவிப்பத்தான் எடுத்தாச்சேம்மா."

"தளத்துலேருந்து எடுத்தாச்சு. முன்னாடியே கருவியில ஏத்தி வச்சவன் எத்தனை பேருன்னு உங்களுக்குத் தெரியுமா? அவன் கருவியில உங்க எடம் அப்படியேதான் இருக்கும். நாளைக்கும் வருவான். அடுத்த மாசமும் வருவான்."

அது உண்மை. வெளியூர் கிளம்புமுன் நூறு இடங்களை மொத்தமாக ஏற்றிக்கொள்வதுதான் எங்கள் வழக்கம்.

சார் காதில் காய்ந்திருந்த நுரையைத் துடைத்தார். "நான் என்ன செய்யணும்?" என்று கடைசியில் கேட்டார். ஓர் இன்ஜினியரின் குரலாக அது இல்லை.

"தார் ரோட்டுலேருந்து காலனிக்குப் பிரியற எடத்துல ஒரு மைல்கல்லு இருக்கு. காட்டுலேருந்து ஒரு கிலோமீட்டர். நாலு மணிக்கே போய் அதுமேல உட்காருங்க. காட்டுக்கு முதுகக் காட்டி, ரோட்டப் பாத்து. லைட்டக் கட்டிக்கிட்டு வர்றவனத் திருப்பி அனுப்புங்க. வெயில் ஏறுற வரைக்கும்."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "நோட்டுல முதல் பேரு உங்களுது. நீங்களும்."

நான் தலையாட்டினேன்.

"எத்தனை நாளைக்கும்மா?" என்று கேட்டார் சார்.

"மலரு பயமில்லாமத் தண்ணி குடிக்கிற வரைக்கும்."

சார் குழம்பிப்போய் நிமிர்ந்து பார்த்தார். "அது அங்க ரோட்டுல உட்கார்ந்திருக்கிற எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றார் டீச்சர். "உட்காருங்க."