நூல் விடாத குடுவை

"மேடம், இதுங்க எனக்கு நூல் விடவே விடாது. கையெழுத்துப் போட்டுடுங்க, நான் போறேன்."

பூவராகன் நீட்டியது, ஆராய்ச்சியிலிருந்து விலகிக்கொள்ளும் கடிதம்.

அவர் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாகப் பி.எச்.டி. செய்பவர். வயது நாற்பத்தெட்டு. அவருடைய வழிகாட்டி வினோதினிக்கு முப்பத்தாறு. சீடர் குருவை மேடம் என்பார், குரு சீடரை சார் என்பார். ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எப்போதும் ஆளை மாற்றித்தான் வணக்கம் வைப்பார்கள்.

ஆறு வருடமாக அவர் தேடுவது ஒரு பசை.

பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்களில் சில, சர்க்கரையைச் சங்கிலியாகக் கோத்து உடம்பைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும். அந்தப் பசைக்குப் பாலிசாக்கரைடு என்று பெயர். அது இருந்தால், குடுவையில் கம்பியை விட்டுத் தூக்கும்போது நூல் நீளும். பூவராகனுக்கு ஒரு தடவைகூட நீளவில்லை. சொட்டுச் சொட்டாக விழுந்தது.

அவர் முடிவுகளைக் கொண்டுவரும் போதெல்லாம் வினோதினி சொன்னது ஒரே வார்த்தை.

"மறுபடி."

வெள்ளிக்கிழமையோடு அவருடைய பி.எச்.டி. பதிவு முடிகிறது. இனி நீட்டிப்பு கிடையாது. அன்று செவ்வாய்.

வினோதினி பேனாவை எடுக்கவில்லை.

"எவ்வளவு சூட்டுல வெச்சீங்க?"

"முப்பத்தேழு. அதுங்களுக்கு அதுதான் பிடிக்கும். சுகமா வளருது."

"சாப்பாடு?"

"ஒரு குறையும் வைக்கல. என் பொண்ணுக்குக்கூட நான் இப்படிப் பார்த்துப் பார்த்துச் செஞ்சதில்ல. கோடிக்கணக்குல பெருகுதுங்க. பசை மட்டும் இல்ல."

அவள் எழுந்து போனாள். தானே இரண்டு குடுவைகள் தயார் செய்தாள். இரண்டிலும் அவருடைய பாக்டீரியாவை விட்டு, கருவிகள் இருக்கும் ஏ.சி. அறையில் ஒரு மூலையில் வைத்தாள். அங்கே இருபது டிகிரி.

"மேடம், அந்தக் குளிர்ல அதுங்க எப்படி வளரும்?"

"வெள்ளிக்கிழமை வாங்க."

வெள்ளிக்கிழமை வந்தார். சவரம் செய்துகொள்ளவில்லை.

முதல் குடுவை லேசாகத்தான் கலங்கியிருந்தது. கம்பியை விட்டுத் தூக்கினார். நூல் வந்தது. ஒரு சாண் நீளம். அறுபடவில்லை.

இதையே இன்னும் இரண்டு தடவை செய்து காட்டினால்தான் ஆய்வேட்டில் எழுத முடியும். குறைந்தது ஒரு வாரம் வேண்டும். அவருக்கு இருந்தது அன்று மாலை ஐந்து மணி வரைக்கும்.

"ஏன் மேடம்? குளிர்ல மட்டும் ஏன்?"

"வளர முடியல. போர்த்திக்குது."

பூவராகன் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை, புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"அப்ப கஷ்டம் குடுத்தாத்தான் வருமா? ஆறு வருஷமா எனக்குக் கஷ்டம் தானே மேடம்? எனக்கு ஏன் ஒண்ணுமே வரல?"

வினோதினி இரண்டாவது குடுவையைக் காட்டினாள்.

அவர் கம்பியை விட்டுத் தூக்கினார்.

சொட்டு.

மறுபடி விட்டார்.

சொட்டு.

"இதுவும் அதே குளிர்ல தானே இருந்துச்சு?"

"ஆமா."

"அதே பாக்டீரியா?"

"அதேதான். இதுல சர்க்கரை இல்ல சார். கோக்கறதுக்கு அதுகிட்ட ஒண்ணுமே இல்ல."

அவர் அந்தக் குடுவையைக் கீழே வைக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தார்.

"யாரு மேடம், இதுக்குச் சர்க்கரை வைக்காதது?"

வினோதினி அந்தக் குடுவையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நான்தான் சார். ஆறு வருஷமா."