உலைக்குள் யார் துடைப்பது?

சூரியனைப் போல எரியும் அணு இணைவு உலைக்கு நேரெதிரே நின்றால் எந்தக் கேமராவும் பிழைக்காது. உள்ளே ஒரு உலோகக் கண்ணாடியை நிறுத்தி, அது திருப்பிவிடும் வெளிச்சத்தைச் சுவருக்கு வெளியே இருந்துதான் பார்க்க வேண்டும். அப்படியொரு கண்ணாடி செய்வதற்காக, கைநிறையச் சம்பளம் வந்த வேலையை உதறிவிட்டு ஆராய்ச்சி மாணவராக வந்தவர் சுயம்புலிங்கம். வழிகாட்டி தமயந்தி அவரைவிடப் பத்து வயது சின்னவர். மாணவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

மறுநாள் தேர்வுக் குழு வருகிறது. கண்ணாடி தேறினால் உலைக்குள் போகும். இல்லாவிட்டால் வேறு யாருடையதோ போகும். மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"எல்லாச் சோதனையிலயும் புதுசு மாதிரி நின்னிருக்கு மேடம்."

"இடையில துடைச்சீங்களா?"

"பின்னே? ஒவ்வொரு தடவையும் பதமா ஒரு துணியால..."

தமயந்தி கண்ணாடியைச் சோதனைக் கலத்துக்குள் வைத்து மூடினார். துணியைக் கேட்டு வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இன்னைக்குத் திறக்கக் கூடாது அண்ணாச்சி."

உள்ளே, உலையில் போலவே சின்னதாக ஒரு நெருப்பு எரிந்தது. உலோக ஆவி கண்ணாடியில் படியப் படிய, அது வெளியே இருந்த திரையில் காட்டிய நெருப்பு மங்கிக்கொண்டே வந்தது. சுயம்பு உட்கார்ந்தார், எழுந்தார், பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கும் அப்பனைப் போலக் கலத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஒரே ஒரு தடவை திறந்து துடைச்சிடுறேன் மேடம்."

"உலைக்குள்ள யாரு துடைப்பா?"

சுயம்புவின் பார்வை தமயந்தியின் கைப்பைக்குப் போனது.

"இத்தனை நாளும் தாங்கினது உங்க கண்ணாடி இல்ல அண்ணாச்சி. உங்க துணி."

"அப்ப என் கதி?"

தமயந்தி கலத்தின் ஓரத்தில் இருந்த பொத்தானைக் காட்டினார். அதை அழுத்தினால் கண்ணாடியின் முகத்திலேயே வாயு மின்னி எரிந்து, படிந்த அழுக்கைக் கொத்தி எடுத்துவிடும். சுயம்பு இதுவரை அதைத் தொட்டதே கிடையாது.

"ஐயோ, அது அழுக்கை மட்டுமா எடுக்கும்? கண்ணாடியையும் அரிக்குமே! எத்தனை மாசம் மெருகு போட்டிருக்கேன்!"

"அரிக்கும்."

தமயந்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திரை இன்னும் மங்கியது. சுயம்பு கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினார்.

படலம் போனது. கலத்தின் ஜன்னலில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தார் சுயம்பு.

"பழைய மினுக்கம் போச்சே மேடம்!"

தமயந்தி திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"நெருப்பு தெரியுதா?"

விளிம்பு வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது.

"தெரியுது..."

"அப்புறம் எதுக்கு அண்ணாச்சி கண்ணாடியப் பாக்கீங்க?"