சடையன் உருட்டிய பொரி உருண்டை

ஆலங்குளத்துக் காட்டில் ஒரு கரடி இருந்தது. பெயர் சடையன். அதற்கு ஒரே ஒரு ஆசைதான். இந்தக் கார்த்திகைக்காவது சொக்கப்பனையைத் தன் கையால் கொளுத்திவிட வேண்டும்!

காட்டுக்குள் தீயா என்று பயப்படாதீர்கள். ஐப்பசி மழையில் காடே ஊறிக் கிடக்கும். குளக்கரை மணலில் பனை ஓலைகளைக் கூம்பாகக் கட்டி நிறுத்துவார்கள்; அதுதான் சொக்கப்பனை. கார்த்திகையன்று பொழுது சாயும்போது எல்லாரும் வீட்டில் செய்த பலகாரத்தோடு வந்து சேர்வார்கள். எது ஒசத்தியோ, அதைச் செய்தவருக்குத்தான் ஓலைக்குத் தீ வைக்கும் பாக்கியம். கண்டிப்பான வழக்கம் ஒன்றும் உண்டு. செய்தவரே முதல் வாய் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். ஒரு குரங்கு எள்ளுருண்டை என்று சொல்லி முயல் புழுக்கையை நீட்டிய வருஷத்திலிருந்து வந்த வழக்கம் அது.

மூன்று வருஷமாகச் சடையனுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. ஒரு வருஷம் அப்பம் கருகியது. மறு வருஷம் அடை வேகவில்லை. போன வருஷம் வழியிலேயே பசித்துவிட்டது.

இந்தத் தடவை பொரி உருண்டை என்று முடிவு செய்தது. ஒரு கூடை பொரியும் பத்து மண்டை வெல்லமும் சேர்த்து வைத்தது. காலையிலேயே பானையை ஏற்றிப் பாகு காய்ச்ச உட்கார்ந்தது.

பக்கத்து விளாமரத்தில் அணில் வாலாம்பாள் பண்டிகை வேலையாக இருந்தது. விளாம்பழ ஓட்டைப் பாதியாகக் கொறித்து, உள்ளே சுரண்டி, எண்ணெய் விட்டுத் திரி போட்டு விளக்காக்கிக் கொண்டிருந்தது. கரடியின் பானையைப் பார்த்ததும் அதற்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"சடையண்ணே! ஒரு சொட்டுப் பாகைத் தண்ணியில விட்டு உருட்டிப் பாருங்க. முத்து மாதிரி உருண்டா பதம்!"

"போ வாலாம்பா! தண்ணியில விட்டா ஒரு சொட்டு வீணாப் போகாதா? எனக்குத்தான் நாக்கு இருக்கே!"

சடையன் குச்சியை விட்டுக் கிண்டியது. ஊதியது. நக்கியது.

"இன்னும் கொஞ்சம் கொதிக்கணும்!"

மறுபடி நக்கியது. "இப்ப கிட்டத்தட்ட வந்துடுச்சு!"

இன்னொரு தடவை நக்கியது. "இல்லையே, போன தடவை இதைவிட நல்லா இருந்ததே?"

சந்தேகம் தீர வேண்டாமா? தீர்ந்தது. பாகும் தீர்ந்தது!

சடையன் பானையைக் கவிழ்த்துப் பார்த்தது. பானையின் அடியில் ஒட்டியிருந்த கறையைத் தவிர ஒன்றுமில்லை. அழுகை அழுகையாக வந்தது. வாலாம்பாளிடம் சொல்லியிருந்தால் கொஞ்சம் வெல்லம் கொடுத்திருக்கும். ஆனால், "நக்கியே தீத்துட்டீங்களா?" என்று சிரிக்குமே! அந்த மானக்கேடு வேண்டாம் என்று நினைத்தது.

அப்போதுதான் பலாமரம் கண்ணில் பட்டது. நகத்தால் பட்டையைக் கீறியது. வெள்ளை வெளேரென்று பசை போலப் பால் வடிந்தது. அதைப் பானையில் பிடித்து, வெல்லக் கறையில் குழைத்து, பொரியைக் கொட்டியது. கையில் இலையைச் சுற்றிக்கொண்டு உருட்டியது. அடடா! நாற்பது உருண்டை, ஒவ்வொன்றும் பளபளவென்று!

"முதல் வாயை மட்டும் கடிக்காம முழுங்கிடலாம்!" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டது.

சாயங்காலம் குளக்கரை நிறைந்துவிட்டது. முயல் களிமண்ணில் பிடித்த அகல்கள் வரிசையாக எரிந்தன. தூக்கணாங்குருவி பின்னிய தென்னோலைத் தோரணம் ஆடியது. வாலாம்பாள் பொரியில் வெல்லத்தை நுணுக்கிப் போட்டு, தேங்காய்த் துருவலோடு பிசிறி எடுத்து வந்திருந்தது. சடையனின் தட்டு வந்ததும் வாலாம்பாளின் பொரியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"முதல் வாய் நீயே சாப்பிடு, சடையா!" என்றது தீர்ப்புச் சொல்லும் யானையம்மா. "நல்லாக் கடி! மொறுமொறுன்னு சத்தம் கேக்கட்டும்!"

வேறு வழி? சடையன் கடித்தது. சத்தம் கேட்கவில்லை. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டிக்கொண்டன!

"எப்படி இருக்கு?"

"ம்ம்ம்ம்!"

"பாத்தீங்களா, ருசியில பேச்சே வரல!" என்று யானையம்மா பூரித்துப்போனது. "இந்த வருஷம் சொக்கப்பனை சடையனுக்குத்தான்! பிள்ளைகளா, ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க!"

தீப்பந்தம் சடையனின் கைக்கு வந்துவிட்டது. மூன்று வருஷ ஆசை! இரண்டு எட்டு வைத்தால் ஓலை. அப்போது திரும்பிப் பார்த்தது. ஏழு முயல் குட்டிகள் தட்டைச் சுற்றி நின்றன. எல்லாருக்கும் முந்தின குட்டி, இத்தனூண்டு வாயைத் திறந்துவிட்டது.

 சடையன் கத்தப் பார்த்தது. "ம்ம்! ம்ம்ம்!" யாருக்குப் புரியும்? பந்தத்தை ஈர மணலில் போட்டது. ஓடி வந்து குட்டியின் கையிலிருந்ததைத் தட்டிவிட்டது. மிச்சம் முப்பத்தெட்டு உருண்டையின் மேலும் தொப்பென்று உட்கார்ந்தது!

குட்டிகள் ஓவென்று அழுதன. "எல்லாம் உனக்கே வேணுமா? பேராசை பிடிச்ச கரடி!" என்று எல்லாரும் ஏசினார்கள்.

வாலாம்பாள் மட்டும் கிட்டே வந்து, கரடியின் உதட்டில் தொங்கிய வெள்ளை நூலை இழுத்துப் பார்த்தது. "அடக் கடவுளே! இது பாகு இல்லை, பலாப்பால்!"

எரிந்துகொண்டிருந்த தன் விளாம்பழ விளக்கை அணைத்தது. ஆறியதும் அந்த எண்ணெயைக் கரடியின் பல்லில் விட்டுத் தேய்த்தது. மெல்ல வாய் திறந்தது.

"யாரும் தொடாதீங்க!" என்று அலறியது சடையன். "பாகு பூராவும் நான்தான் நக்கிட்டேன்! சொல்ல வெக்கமா இருந்துச்சு!"

 யானையம்மா சிரித்த சிரிப்பில் நாலு அகல் அணைந்துபோயின.

பிசிறிய பொரிதான் ஒசத்தி என்று முடிவாகி, சொக்கப்பனையை வாலாம்பாள் கொளுத்தியது. ஏழு குட்டிகளும் அதை வாரி வாரித் தின்றன. பின்னால் முப்பத்தெட்டு உருண்டை ஒட்டியிருந்ததால், சடையன் மட்டும் நின்றுகொண்டே வேடிக்கை பார்த்தது.

தவறை மறைக்க நாம் பூசும் பூச்சு, முதலில் நம் வாயைத்தான் ஒட்டும்.